வண்டி மை போட்ட ஸ்கேட்டிங் ஷூ

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன், மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போன காலத்தில் உங்களில் யாராவது அளவான துணி போட்டிருக்கிறீர்களா? ஜூன் மாதம் தைத்த பாவாடை முதல் வருஷம் தரையைக் கூட்டும். இரண்டாம் வருஷம் சரியாக இருக்கும். மூன்றாம் வருஷம் மடிப்பைப் பிரித்துவிட்டால், வெளுத்த துணியில் அந்த இடம் மட்டும் புதுசாக ஒரு பட்டை தெரியும். எந்தப் பெண் எத்தனை வருஷமாக ஒரே பாவாடையில் ஓட்டுகிறாள் என்று அந்தப் பட்டையை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். வளர்கிற பிள்ளை என்று ஒரே காரணம் சொல்லி நம் எல்லோரையும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

பாவாடைக்கு அது சரி. சக்கரம் வைத்த ஷூவுக்கு?

போன மாதம் என் மகன் தன் பெண்ணுக்கு ஸ்கேட்டிங் ஷூ வாங்கினான். குழந்தையைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதை அளந்து, ஃபோனில் எதையோ பார்த்து, மறுபடியும் அளந்து ஒரே கூத்து. ஒரு நூல்கூடப் பெருசாக இருக்கக் கூடாதாம். நான் சிரித்த சிரிப்பில் காபி புரை ஏறிவிட்டது. "என்னம்மா?" என்றான். அவனுக்குச் சொன்னால் பாதிதான் புரியும். உங்களுக்குச் சொன்னால் முழுசாகப் புரியும்.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்குப் பக்கம். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை, மற்ற மூன்று பக்கமும் கரும்பு, நடுவில் கொஞ்சம் நெல். நான் ஏழாவது படித்த வருஷம் எங்கள் பள்ளிக்கு ஒரு டிரில் டீச்சர் வந்தார். சென்னையில் படித்தவர். டிரில் பீரியட் என்றால் மரத்தடியில் உட்கார்ந்து கணக்கு வீட்டுப்பாடம் எழுதுவது என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் முன்னால் ஒரு கோணி மூட்டையைக் கொட்டினார். உள்ளே சக்கரம் வைத்த ஷூக்கள், நுனி வளைந்த ஹாக்கி மட்டைகள். குளிர் நாடுகளில் உறைந்துபோன ஏரிகளின் மேல், அடியில் கத்தி வைத்த ஷூ போட்டுக்கொண்டு இந்த ஆட்டம் ஆடுவார்கள், நமக்கு ஏரி உறையாது, அதனால் கத்திக்குப் பதில் சக்கரம் என்றார். எங்கள் ஏரியில் தண்ணீர் நிற்பதே பெரிய விஷயம், அது எங்கே உறைவது. எங்களுக்குத் தெரிந்த ஐஸ் சைக்கிளில் பெட்டி வைத்து விற்கும் குச்சி ஐஸ்தான்.

சக்கரம் ஓட வழவழப்பான தரை வேண்டுமே. பள்ளி மைதானம் சரளை. ஊரிலேயே பெரிய சிமெண்டுத் தரை என்றால் ரைஸ் மில்லின் நெல் களம் ஒன்றுதான். அவித்த நெல்லைக் காலையில் பரப்பிச் சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். மூடிய பிறகு குவியல்களுக்கு நடுவே களம் காலியாகத்தான் கிடக்கும். டீச்சர் மில் முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டார். ஆனால் களத்தில் நெல் காயவைக்கும் பெண்களிடம் அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அவர்களுக்கெல்லாம் மூத்தவரைக் களத்து அக்கா என்றுதான் ஊரே கூப்பிடும்.

"நெல்லு காயற எடத்துல எவளாவது செருப்பு போட்டுக்கினு நடப்பாளா? நீங்க படிச்சவங்கதானே டீச்சர்?" என்றார் களத்து அக்கா.

அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் பக்கம் களத்து ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுவோம். முதலாளியே வெறுங்காலோடுதான் வருவார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, "ஷூ தரையில படாதுக்கா, சக்கரம்தான் படும்," என்றேன். களத்து அக்கா ஒரு ஷூவைத் தூக்கி அடியைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. நெல் குவித்த பிறகுதான் வரவேண்டும், சிந்திய நெல்லையெல்லாம் நாங்களே பெருக்கி எடுக்கவேண்டும், ஏறுமுன் களத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும். குவியலில் ஒரு சக்கரம் பட்டாலும் மறுநாள் யாரும் வரக் கூடாது.

பெருக்குவது எங்களுக்கே நல்லது என்று முதல் நாளே தெரிந்தது. ஒற்றை நெல்மணி சக்கரத்துக்கு முன்னால் கிடந்தால் போதும், ஆளைக் குப்புறத் தள்ளிவிடும்.

மூட்டையில் வந்த ஷூக்கள் பழசு. முறைவைத்துப் போட்டுக்கொண்டோம். காலாண்டு லீவில் கடலூரில் போட்டி இருக்கிறது, பள்ளி ஷூ எல்லாருக்கும் காணாது, சொந்த ஷூ இருப்பவர்களுக்குத்தான் முதலில் இடம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நான் வீட்டில் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். ஆனால் ஒரு நாள் அப்பா வீட்டு அரிசிக்கு நெல் அரைக்க மில்லுக்கு வந்தவர், சைக்கிளைப் பிடித்தபடி களத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு முறை விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அவரைக் காணவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கெழம சேலம் போறன். இவளுக்கு அந்தச் சக்கர ஷூ ஒண்ணு வாங்கணும்."

"இன்னா ஷூ?" என்றார் அம்மா. "பொட்டப் புள்ள கால ஒடச்சிக்கினு வந்து நின்னா யாருங்க கட்டிக்குவான்?"

"ஒடையாது."

"நீங்க சொல்லிட்டா ஒடையாதா?" அம்மா எனக்கு ரசம் ஊற்றினார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வாங்கினு வாங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டன். இவ வயசுக்கு வர்ற வரைக்கும்தான் இந்த ஆட்டம். அன்னிக்கே மூட்ட கட்டிப் பரண் மேல போட்டுடுவன். அப்ப ரெண்டு பேரும் என்ன ஒண்ணும் கேக்கக் கூடாது," என்றார்.

அம்மா எழுந்துபோகும்போது, "ரெண்டு சைசு பெருசா வாங்குங்க. வளர்ற புள்ள," என்றார்.

அம்மா சும்மா மிரட்டவில்லை. என் வகுப்பில் ஒவ்வொருத்தியாகப் பெரிய மனுஷி ஆகிக்கொண்டிருந்தாள். ஆனவள் கோகோவுக்கு வரமாட்டாள், கபடிக்கு வரமாட்டாள், தாவணி நுனியைத் திருகிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். பிள்ளையார் கோயிலில் மற்ற பெண்கள் பரீட்சையில் பாஸ் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டபோது, நான் வேண்டியதெல்லாம் என் விஷயத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடு என்பதுதான். அந்த ஆட்டத்தை விட எனக்கு மனசே இல்லை.

சேலத்துக் கடையில் நடந்ததை இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் கூசுகிறது. கடைக்காரர் என் பாதத்தை ஒரு மரப் பலகையில் வைத்து அளந்து, கறுப்புத் தோல் ஷூ ஒரு ஜோடி எடுத்துப் போட்டுவிட்டார். கணுக்காலுக்கு மேலே வரை கயிறு. மஞ்சள் சக்கரங்கள். முன்னால் நிறுத்துவதற்கு ஒரு ரப்பர் கட்டை. எழுந்து நின்றேன். யாரோ இரண்டு கையாலும் என் பாதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் எந்தச் செருப்பும் என் காலை அப்படிப் பிடித்ததில்லை.

"இதுல ரெண்டு சைசு பெருசு குடுங்க," என்றார் அப்பா.

"அண்ணே, இது செருப்பு இல்ல. வளர்றதுக்கு எடம் விட்டு வாங்கக் கூடாது. உள்ள கால் ஆடுச்சுன்னா பாப்பாவால நிறுத்த முடியாது."

அப்பா என்னைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "இல்லீங்க. பெருசே குடுங்க. அடுத்த வருஷமும் போடணும், அதுக்கடுத்த வருஷமும் போடணும்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா பேச்சைத் தட்டாத அப்பா என்று மனசுக்குள் திட்டினேன். கடைக்காரர் சொன்னதுதான் சரி, அப்பா செய்தது தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வயசுக்கு வரும் வரைக்கும்தான் என்று வீட்டில் தீர்ப்பு ஆகியிருந்த நேரத்தில், ஒரு மனிதர் கடையில் நின்று அதற்கடுத்த வருஷத்துக்கும் சேர்த்து ஷூ கேட்கிறார் என்பது அந்த வயதில் என் மண்டையில் ஏறவில்லை. எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் ஏறியது.

ஷூ நுனியில் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அடைத்தோம். வலது ஷூவுக்கு ஒரு உருண்டை, இடதுக்கு ஒன்றரை. போட்டுக்கொண்டு நடந்தால் உள்ளே பாதம் முன்னும் பின்னும் பயணம் போகும். இருந்தாலும் அது என் சொந்த ஷூ. தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தோலைத் துடைப்பேன். கயிற்றை உருவித் துவைத்துக் கொடியில் காயப்போடுவேன். புதுத் தோல் வாசனை போய்விடக் கூடாது என்று அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுபோகமாட்டேன். தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூக்கம்.

ஆவணியில் ஒரு நாள் கல்வராயன் மலை மேல் மேகம் கறுத்து இறங்கியது. மலையில் மேகம் உட்கார்ந்தால் களத்துக்குப் பத்து நிமிஷம்தான் தவணை. அன்று பார்த்து நெல் ஈரம், குவிக்கத் தாமதமாகி, பாதிக் களம் இன்னும் பரப்பியே கிடந்தது. பெண்கள் பலகை போட்டுத் தள்ளுகிறார்கள், காற்று தார்ப்பாயைப் பிடுங்குகிறது. நாங்கள் ஓரத்தில் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றிருந்தோம்.

"ஏ பொண்ணுங்களா, வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்களே. அந்தப் பாயி மொனைய இழுத்துக்கினு வாங்க," என்று கத்தினார் களத்து அக்கா.

ஷூவோடா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு குவியல்களைச் சுற்றி விர்ரென்று ஓடினோம். நடந்து இழுத்தால் ஒரு குவியலுக்கு ஆகும் நேரத்தில் நாலு குவியலை மூடிவிட்டோம். கடைசிப் பாயின் மேல் கல் வைத்தபோது மழை கொட்டியது. களத்து அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தார். மறுநாளிலிருந்து பெருக்கும் வேலையில் பாதியை அவரே எடுத்துக்கொண்டார்.

ஆனால் என் சக்கரங்களுக்குள் தண்ணீர் போய்விட்டது. இரண்டு நாளில் கிறீச் கிறீச் என்று கத்த ஆரம்பித்தன. தெருவில் நாய்கள் பதில் கொடுத்தன.

அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன், அப்போது மாட்டுவண்டி வைத்திருந்தார். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லுக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போவார். சக்கரம் கத்தினால் அவருக்குப் பொறுக்காது. யார் வண்டி கத்தினாலும் நிறுத்தி, "மை போடறதில்லியா?" என்று சண்டைக்கே போவார். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை அவரே செய்வார், மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார். அன்று வீட்டுக்கு வந்தவர் என் ஷூ கத்துவதைக் கேட்டார்.

"இன்னா பாப்பா இது, மாடு கதர்ற மாதிரி கதர்து? குடு இப்டி."

சந்தோஷமாகக் கொடுத்தேன். எட்டுச் சக்கரத்துக்கும், உள்ளே பேரிங் தெரியாத அளவுக்கு, விரலால் வழித்து வழித்து அப்பினார். கையைத் துடைத்துக்கொண்டு, "பொங்கல் வரிக்கும் வாயத் தொறக்காது," என்றார். அப்பா பார்த்துத் தலையாட்டினார். அம்மாகூட, "இப்பதான் வூடு வூடா இருக்குது," என்றார். சக்கரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் கூடிச் செய்த வேலை அது.

சத்தம் நின்றது வாஸ்தவம். கூடவே சக்கரமும் நின்றது. களத்தில் இருக்கும் தவிடு, உமித்தூள், மண் எல்லாம் அந்த மையில் போய் ஒட்டிக்கொண்டு களியாகிவிட்டது. மற்றவர்கள் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பாதிக் களம் போவார்கள். நான் ஒவ்வொரு அடியையும் சேற்றில் நடக்கிற மாதிரி இழுத்து இழுத்துப் போடவேண்டும். புது ஷூ வாங்கியதும் நான் மெதுவாகிவிட்டேன் என்பதை எப்படிச் சொல்வது? மாமன் மை போட்டதால் நன்றாகத்தான் இருக்கவேண்டும், குறை என் காலில்தான் என்று நானே நம்பிவிட்டேன். மற்றவர்கள் போன பிறகும் இருட்டும் வரை சுற்றுவேன். வீட்டுக்கு வந்தால் தொடை இரண்டும் நடுங்கும்.

டீச்சர் ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "மழையில விழுந்துடுவோம்னு பயந்துட்டியா? முன்ன நல்லா ஓடினியே. பயம் வந்துட்டா இந்த ஆட்டம் ஆட முடியாதும்மா. கடலூருக்கு உன்ன எப்படிக் கூட்டிக்கினு போறது?" என்றார். அன்று முழுக்க அழுதேன்.

அதற்கு அடுத்த வாரம், காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால், பிள்ளையார் என்னைக் கைவிட்டார். விடிகாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை அணைத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அம்மா முத்தம் கொடுத்து எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. கொடுத்துவிட்டு நேரே போய் என் தலைமாட்டில் இருந்த ஷூவை எடுத்துக் கோணியில் சுற்றிப் பரண் மேல் போட்டார். "இத்தோட சரி," என்றார்.

மாமன் வந்து வாசலில் ஒரு மூலையில் பச்சைத் தென்னை ஓலையால் குடிசை கட்டினார். அது தாய்மாமன் செய்யவேண்டிய வேலை. எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. தெருப் பெண்கள் உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாக வந்து நின்றார்கள். குடிசை வாசலில் வேப்பிலை செருகினார்கள், உலக்கையைக் குறுக்கே போட்டார்கள்.

"காத்து கருப்பு அண்டாம இருக்க இரும்பு ஒண்ணு வெக்கணும். ஏங்க, இரும்பு ஏதாவது எடுத்துக்கினு வாங்க," என்றார் அம்மா.

அப்பா வீட்டுக்குள் போனார். ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் கையில் கோணிச் சுருட்டு. பிரித்து, என் ஷூ இரண்டையும் எடுத்துக் குடிசை வாசலில், உலக்கைக்கு உள்பக்கமாக ஜோடியாக வைத்தார்.

அம்மா குனிந்து பார்த்தார். "இன்னாங்க இது?"

"இரும்புதானே கேட்ட. அடியில பூரா இரும்பு."

"வூட்ல ஒரு அருவா இல்லியா?"

"அருவாள புள்ள பக்கத்துல வெக்கிறதா? தூக்கத்துல கைய அறுத்துக்கும்."

தெருப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமன் ஓலையைக் கட்டிக்கொண்டே, "மாமா சொல்றது கரெக்டுதான்க்கா. ரெண்டு காலுக்கும் இரும்பு. எந்தப் பேயி கிட்ட வரும்?" என்றார். வைத்த இரும்பை நடுவில் எடுக்கக் கூடாது. அது அம்மாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அப்பா அதற்குள் கரும்புத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் அன்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து டீச்சர் பார்க்க வந்தார். தள்ளி நில்லுங்கள் என்று யாராவது சொல்வதற்குள் குடிசை வாசலில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கையில் எடுத்துவிட்டார். அம்மா முகம் சுருங்கியது. டீச்சர் சக்கரத்தை விரலால் சுண்டினார். அது அசையவில்லை. இன்னொரு சக்கரத்தைச் சுண்டினார். விரல் கறுப்பாகிவிட்டது.

"என்ன இது?"

"வண்டி மை டீச்சர். மாமா போட்டுச்சு."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். தரையில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார். "இதயா போட்டுக்கினு அவ்ளோ நாளா களத்த சுத்தினே?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் அம்மாவிடம் திரும்பி, "நான் உங்க பொண்ண பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டேன்மா. இந்தச் சக்கரத்த வெச்சிக்கினு என்னால ஒரு சுத்து சுத்த முடியாது. இவ கால்ல அவ்ளோ பலம் இருக்குது. கடலூருக்கு அனுப்புங்க," என்றார்.

"பாக்கலாம்," என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். டீச்சருக்கு அது தெரியாது. மண்ணெண்ணெயில் கழுவு, தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விடு, வேற எதையும் கிட்டயே சேர்க்காதே என்று எனக்குச் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அம்மா சாப்பாட்டுத் தட்டை வழக்கம்போலத் தள்ளி வைத்தார். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சி நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. "சும்மா ஒக்காந்துக்கினு இருக்கறதுக்கு அத்தயாவது செய். நெருப்புப் பொட்டி கிட்ட வராம பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா சைக்கிள் ஸ்பானரை ஓலை இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். எண்ணெய் தையல்காரரிடமிருந்து வந்தது. எந்தச் சக்கரம் எந்த ஷூவில் எந்த இடம் என்று பாய் மேல் வரிசையாக அடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஊறவைத்து, கோழி இறகால் மூலை முடுக்கெல்லாம் தோண்டினேன். கறுப்புக் களி, உமி, ஒரு முழு நெல்மணி, யாருடைய தலைமுடியோ ஒன்று, எல்லாம் வந்தன. துடைத்து, வெயில் விழும் இடத்தில் காயவைத்து, சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினேன். முதல் சக்கரத்தைச் சுண்டியபோது அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, நான் அடுத்த நட்டை முடுக்கி முடித்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் குடிசையில் இருந்த நாட்களை என் தோழிகள் ஜெயில் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை, அதற்கு மண்ணெண்ணெய்தான் காரணம்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மாமன் சீர் வைத்து, பந்தி முடிந்து, குடிசையையும் பாயையும் கொளுத்தினார்கள். இரும்புக்குத் தீட்டு இல்லை என்பதால் ஷூவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் சாயங்காலம் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

"வா, களத்துக்குப் போவலாம். டீச்சர் ஒனக்காகக் காத்துக்கினு இருக்குமாம். வர முடியாதுன்னு மரியாதையா நேர்ல சொல்லிட்டு வந்துடலாம். அந்த ஷூவையும் எடுத்துக்க, சொந்த ஷூ இல்லாத பொண்ணு எவளுக்காவது ஒதவும்."

அப்பா தோட்டத்தில் இருந்தார். இந்த முறை பரண் ஏற ஆள் இல்லை. தாவணியைச் செருகிக்கொண்டு ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் நடந்தேன். களத்து ஓரத்தில் அம்மா செருப்பைக் கழற்றினார். எல்லாக் குவியலும் மூடியிருந்தது, கடைசிக் குவியலுக்கு மட்டும் களத்து அக்கா பாய் விரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்.

"அம்மா, ஒரே ஒரு சுத்து. அப்பறம் குடுத்துடறன்," என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுதான்," என்றார்.

களத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து, வழக்கம்போல முழு பலத்தையும் போட்டு ஒரு தள்ளு தள்ளினேன். அவ்வளவுதான். களம் எனக்குக் கீழே ஓடியது. சேற்றில் இழுத்துப் பழகிய காலுக்கு இப்போது சுமை இல்லை. இரண்டாவது தள்ளில் டீச்சரைத் தாண்டினேன், மூன்றாவதில் மில்லின் புகைபோக்கி ஒரு பக்கமும் மலை ஒரு பக்கமும் சுழன்றன. யாரோ கத்தினார்கள். நான்தான் என்று பிறகு தெரிந்தது. தாவணி அவிழ்ந்து பின்னால் பறந்தது. அந்த மாதிரிச் சந்தோஷம் எனக்கு அப்புறம் கல்யாணத்திலும் வரவில்லை, வேலை கிடைத்தபோதும் வரவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

சுற்று முடியும்போதுதான் சேலத்துக் கடைக்காரர் சொன்னது நடந்தது. மை இருந்தவரைக்கும் நிறுத்துவது என்ற பிரச்சினையே எனக்கு வந்ததில்லை, சக்கரம் தானே நின்றுவிடும். இப்போது ரப்பர் கட்டையைத் தரையில் ஊன்றப் பாதத்தை அழுத்தினால், பாதம் ஷூவுக்குள்ளேயே நழுவுகிறது, ஷூ பாட்டுக்குப் போகிறது. களத்து அக்கா பாயைப் போட்டுவிட்டு விலகினார். நேராகப் போய் மூடாத குவியலில் விழுந்தேன். சக்கரம், ஷூ, தாவணி, தலை எல்லாம் நெல்லுக்குள்.

நெல்லில் கால் படுவதே பாவம். நான் ஷூவோடு இடுப்பு வரை புதைந்து கிடக்கிறேன், என் அம்மாவின் கண் முன்னால். நாளை மட்டுமல்ல, இனி என்றைக்குமே யாரும் இந்தக் களத்தில் ஏற முடியாது என்று நினைத்தேன்.

அம்மா ஓடிவந்தார். முதலில் நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னை இழுத்து உட்காரவைத்து, கணுக்காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், முடியிலிருந்து நெல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். களத்து அக்கா, "பொண்ணு இன்னாமா பறக்குது," என்று சொல்லிவிட்டு, சிதறிய நெல்லைப் பலகையால் தள்ள ஆரம்பித்தார். திட்டவில்லை.

டீச்சர் மூச்சு வாங்க வந்து நின்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "கடலூரு அவ்ளோ தூரம் தனியா அனுப்ப மாட்டன் டீச்சர். நானும் வருவன்," என்றார். டீச்சர் பதில் சொல்வதற்குள் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ போன வேகத்துல எனக்கு ஒண்ணும் சரியா தெரியல. எழுந்து இன்னொரு சுத்து வா, பாக்கலாம்."

ஷூவைக் கழற்றி உள்ளே போயிருந்த நெல்லைக் குவியலில் கொட்டிவிட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன்.